செல்லியின் வயிற்றில் யாரும் கை வைக்காதிருக்க

அனுப்புநர்:
மு. தீர்த்தகிரி,
முன்னாள் தலைமை உபாத்தியாயர்,
நரிக்கல்கொட்டாய், இண்டூர் வழி,
தர்மபுரி தாலுகா.

பெறுநர்:
ஜில்லா கலெக்டர் துரையவர்கள்,
சேலம்.

பொருள்: வரும் மாரியம்மன் பண்டிகையில் என் தங்கை மகள் செல்லியின் (வயது பதினொன்று) வயிற்றை அமுக்கி அருள் கேட்க இருப்பதைத் தடுத்தல்.

கனம் பொருந்திய ஐயா,

1. எங்கள் கிராம முனிசீப் பச்சியப்பன் என் தங்கை ராமக்காளின் கணவர். பள்ளியிலிருந்து என்னை நீக்கவைத்தவரும் அவரே. இந்தப் பகையை நான் மறைக்கவில்லை. அதைக் கழித்துவிட்டே தாங்கள் படிக்கலாம். கழித்த பிறகும் மிச்சம் இருக்கும்.

2. ராமக்காளின் உடம்பெல்லாம் சுண்டைக்காய் அளவில் கட்டிகள். அம்மன் போட்ட முத்து என்றார்கள். திடீரென்று முகம் வெளுத்து, வேர்த்து நடுங்கி, தலை வெடிக்கிறதென்று கதறுவாள். அருள் என்றார்கள். வயிற்றின் வலப்பக்கம் அமுக்கினால் அருள் உடனே வருவதைக் கண்டுபிடித்தவர் பச்சியப்பன். அன்று முதல் மழைக்கும் மாட்டுக்கும் கல்யாணத்துக்கும் அவளை அமுக்கிக் குறி கேட்டார்கள்.

3. சென்ற வருஷம் தை மாதம் அவளைச் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் அங்கே கை வைத்ததும் ரத்த அழுத்தக் கருவியில் பாதரசம் உச்சிக்கு ஏறியது. சிறுநீரகத்தின் மேல் ஒரு கட்டி இருக்கிறது, அது சுரக்கும் நீரே அழுத்தத்தை ஏற்றுகிறது, தோல் கட்டிகளும் அதுவும் ஒரே நோய், அறுத்தெடுத்தால் பிழைக்கலாம், அதுவரை யாரும் அமுக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்தார். அவள் பெண்ணையும் கொண்டுவரச் சொன்னார்.

4. நான்காம் நாள் பச்சியப்பன் ஆஸ்பத்திரிக்கே வந்து, பண்டிகைக்கு வேண்டுமென்று அவளை அழைத்துப்போனார். பண்டிகையன்று டாக்டர் கடிதத்தைக் கோயிலில் உரக்கப் படித்தேன். "வாத்தியாருக்கு வேலைதான் போச்சுன்னு பாத்தேன், புத்தியும் போயிருச்சுங்களா?" என்றார். கூட்டம் சிரித்தது. "சாமி வவுத்துலதான் குந்தியிருக்குது, நல்லா அமுக்குங்கடா." நான்கு பேர் அமுக்கினார்கள். அவள் நுரை தள்ளி விழுந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். செத்துப்போனாள் என்று தெரிய வெகுநேரம் ஆயிற்று. குலவையும் அதுவரை நிற்கவில்லை.

5. இப்போது செல்லியின் முதுகில் கட்டிகள் அரும்பியிருக்கின்றன. தலைவலி என்கிறாள். தகப்பன் அவளுக்கு மஞ்சள் சேலை வாங்கிவிட்டார். பண்டிகை பங்குனி இரண்டாம் செவ்வாய்.

6. அமுக்கியவர்களின் பட்டியலை இணைத்துள்ளேன். ஐந்தாவது பெயர் என்னுடையது. சென்னைக்குப் போகுமுன் ஒரு நாள், வேலை திரும்பக் கிடைக்குமா என்று கேட்க நானும் அமுக்கினேன். "கெடைக்கும்ங்கண்ணா" என்றாள். பிறகு, "வலிக்குதுங்கண்ணா, கைய எடுங்க" என்றாள். பதில் முழுதும் வரட்டும் என்று நான் கையை எடுக்கவில்லை.

ஆகவே, பண்டிகைக்கு முன்பே செல்லியைப் போலீஸ் காவலோடு சென்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப உத்தரவிடப் பணிந்து கேட்கிறேன். என்மீதான நடவடிக்கையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நான் எங்கும் போகமாட்டேன்.

நரிக்கல்கொட்டாய்,
20-2-1941.

இப்படிக்கு,
மு. தீர்த்தகிரி

இணைப்பு: டாக்டர் கடிதம், பட்டியல்.