கைமாத்துக் கட்டில்

ஜூன் 11, 2025

காலையிலேயே மூன்று பேர் போன் செய்து, "அருவியில தண்ணி விழுதா?" என்று கேட்டார்கள். மூன்று பேரிடமும் "அருமையா விழுது சார், வாங்க" என்றேன். ஐந்தருவியில் நாலுதான் விழுகிறது. அதிலும் ஒன்று, குளுக்கோஸ் ஏறுகிற மாதிரிச் சொட்டுகிறது. பதினெட்டு வருஷமாக குற்றாலத்தில் இந்த லாட்ஜுக்கு மேனேஜர். மேனேஜர் என்றால் சாவி கொடுப்பது, சோப்பு கொடுப்பது, பொய் சொல்வது. மூன்றாவதற்குத்தான் சம்பளம்.

என் பொண்டாட்டி குழல்வாய்மொழி போய் இன்றோடு நூற்று நாலு நாள். நான் எண்ணவில்லை; மகள் மஞ்சு கோயம்புத்தூரிலிருந்து எண்ணிச் சொன்னாள். சொல்லிவிட்டு, "அப்பா, அந்தக் கட்டில இன்னுமா ஹால்ல போட்டு வச்சிருக்கீங்க? வித்துருங்கப்பா" என்றாள்.

ஆஸ்பத்திரிக் கட்டில். கைப்பிடியைச் சுழற்றினால் தலைமாடு தூக்கும், இன்னொன்றைச் சுழற்றினால் கால்மாடு தூக்கும். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபின் பதினாலு மாதம் அவள் அதில் படுத்திருந்தாள். இப்போது என் துவைத்த சட்டைகள் படுத்திருக்கின்றன.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அதற்காகப் போனில் அலாரம். லாட்ஜுக்கும் வீட்டுக்கும் ஒரு சந்துதான். அடித்ததும் ஓடிப்போய்த் திருப்பிவிட்டு வருவேன். அலாரம் இன்னும் அடிக்கிறது. எட்டு, பத்து, பன்னிரண்டு. அடித்ததும் எழுந்து நிற்கிறேன். பிறகு உட்காருகிறேன். நிறுத்தத் தெரியாதா? தெரியும்.

ஜூன் 13

பழைய சாமான் விற்கிற ஆப் ஒன்றை மஞ்சு என் போனில் ஏற்றிவிட்டாள். பெயர் 'கைமாத்து'. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுதுல்ல, அதான் அந்தப் பேராம். பெங்களூரில் உட்கார்ந்து எவனோ யோசித்திருக்கிறான்.

பக்கத்தில் நேந்திரம் சிப்ஸ் போடுகிற முகம்மது மீரானிடம் காட்டினேன். "கைமாத்துன்னா திருப்பிக் குடுக்கணும்லா அண்ணாச்சி? நான் உங்ககிட்ட வாங்குத மாதிரி?" என்றான்.

"நீ எப்பலே திருப்பிக் குடுத்த?"

"அது வேற கணக்கு" என்று எண்ணெய்ச் சட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜூன் 14

கட்டிலைப் படம் பிடித்துப் போட்டேன். சட்டைகளை எடுத்துவிட்டுத்தான். பொருள் போட இலவசம் என்று மஞ்சு சொன்னாள். போட்டபின்தான் தெரிகிறது, நாலு பேர் கண்ணில் பட வேண்டுமென்றால் 'முன்வரிசைக் கட்டணம்' உண்டு. விற்றால் நூற்றுக்குப் பன்னிரண்டு கமிஷன். விற்காவிட்டால் மாதம் நாற்பத்தொன்பது, புதுப்பிக்க. விற்றேன் என்று சொல்லிவிட்டு மாற்றிப் பேசினால் அபராதம். எங்கள் கல்யாணத் தரகர் இதைவிட யோக்கியர். ஒரு வேட்டியோடு போய்விட்டார், பிறகு வந்து புதுப்பிக்கச் சொல்லவில்லை.

'விற்கும் காரணம்' என்று ஒரு கட்டம். நிரப்பாமல் விடாது. "தேவை முடிந்தது" என்று போட்டேன். பார்த்தால் ரேஷன் கடைப் போர்டு மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

ஜூன் 17

செங்கோட்டையிலிருந்து ஒரு பெரியவர் போன். சக்கரம் சுத்துதா, துரு இருக்கா, எல்லாம் கேட்டார். கடைசியில் கேட்டார்: "படுத்தவங்க எப்படி இருக்காங்க?"

என் வாய் எப்போதும் எனக்கு முந்திப் போகும். இன்று போகவில்லை. "ஓ... சரி சரி" என்று வைத்துவிட்டார்.

ஜூன் 20

இன்னும் இரண்டு பேர். அதே கேள்வி, அதே "சரி சரி". கட்டிலுக்குத் துரு பிடித்திருந்தால்கூட வாங்குவார்கள் போல. ஆள் எழுந்து போன கட்டில் வேண்டுமாம் எல்லோருக்கும். நான் மட்டும் வேண்டாமென்றா சொன்னேன்?

மீரான் டீ வாங்கிக் கொடுத்தான். சர்க்கரை போட்டானா இல்லையா தெரியவில்லை. நாலு மாதமாகவே அப்படித்தான், எது தின்றாலும் வெந்நீர்.

ஜூன் 25

இன்று குழல்வாய்மொழி எழுந்து நடந்தாள்.

நடந்தது இது. கீழப்பாவூரிலிருந்து மாரிச்செல்வி என்று ஒருத்தி ஆப் வழியாகப் பேசினாள். புருஷன் லிங்கேஸ்வரன், சுரண்டைச் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிப்போன லோடு ஆட்டோ கவிழ்ந்து இடுப்பெலும்பு விட்டுப்போச்சாம். மூன்று மாதம் அசையக் கூடாதாம். அவளும் அந்தக் கேள்விக்கு வந்தாள். "அண்ணாச்சி, இதுல படுத்திருந்தவங்க...?"

"எந்திச்சுட்டாம்மா" என்றேன். தண்ணி விழுதா என்று கேட்டால் வருகிற அதே குரல்.

"யாரு அண்ணாச்சி, மதினியா?"

"ஆமா. இப்ப வீட்டுல நிக்கவே மாட்டேங்கா. பழைய குத்தாலத்துக்குக் குளிக்கப் போயிட்டா. சொன்னா கேக்குத ஆளா?"

அந்தப் பக்கம் அவள் மூச்சு விட்டது இங்கே கேட்டது. "நல்லாருக்கட்டும் அண்ணாச்சி. நாங்களே எடுத்துக்கிடுதோம். வேற யாருக்கும் குடுத்துராதீய."

போனை வைத்தபின் டீ குடித்தேன். சர்க்கரை அதிகம்.

ஜூலை 6

கட்டில் போய்விட்டது. ஒழுங்காக எழுதிவைக்கிறேன், பிறகு நானே எனக்குக் கூட்டிக் குறைத்துச் சொல்வேன்.

காலையில் குளித்து, விளக்கேற்றி, பிறகுதான் புத்தி வந்தது. சுவரில் மாலையோடு குழல் படம். எழுந்து நடக்கிறவளுக்கு எதற்கு மாலை? கழற்றி பீரோவுக்குள் சேலைகள் மேல் வைத்தேன். "ஒரு மணி நேரம் பொறுத்துக்கோ" என்றுகூடச் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. இருந்தபோது இப்படிச் சொன்னதைக் கேட்டதே இல்லை.

மாரிச்செல்வி கொழுந்தனோடு குட்டியானை வண்டியில் வந்தாள். முப்பது வயது இருக்கும். மூக்குத்தி இருக்க வேண்டிய இடத்தில் ஈர்க்குச்சி. கட்டிலின் இரண்டு கைப்பிடியையும் சுழற்றிப் பார்த்தாள். ஹாலையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "மதினி இல்லையா?" என்றாள்.

"சுரண்டையில தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா."

"சரி அண்ணாச்சி" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டே.

பணத்தை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்தாள். நான் ஈர்க்குச்சியைப் பார்த்தேன். அதிலும் கமிஷன்காரன் எடுத்தது போகத்தானே எனக்கு. அடகு வைத்த மூக்குத்தியில் நூற்றுக்குப் பன்னிரண்டு பெங்களூருக்கு. "பணம் வேண்டாம்மா, சும்மா கொண்டு போ" என்றேன்.

அவளுக்கு முகம் மாறிவிட்டது. "சும்மா வாங்க மாட்டேன் அண்ணாச்சி. நோயாளி சாமானச் சும்மா வாங்குனா நோவும் கூடவே வரும்னு எங்க அத்தை சொல்லுவாவ. அவ்வோ வீட்டுக்குள்ளயே ஏத்த மாட்டாவ."

ஆப்பில் விலையைப் பூஜ்யம் என்று மாற்றப் பார்த்தேன். ஏற்கவில்லை. குறைந்தது நூறாம். நூறு என்று போட்டால் சேவைக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், வரி எல்லாம் போக நான்தான் கையிலிருந்து தர வேண்டிவரும். ஒரு பொருளைத் தானமாகக் கொடுக்கவும் நான்தான் காசு கட்ட வேண்டும்!

கொழுந்தன் வெளியே ஹாரன் அடித்தான். வாயில் வந்ததைச் சொன்னேன். "அப்ப கைமாத்தாக் கொண்டு போ. அவரு எந்திச்சதும் திருப்பிக் குடு."

யோசித்தாள். "கைமாத்துன்னா சரி" என்றாள். பணத்தைத் திரும்ப முடிந்துகொண்டாள்.

அவளுக்குக் கைப்பிடி சுழற்றக் கற்றுக்கொடுத்தேன். ஒரே பக்கம் படுக்கவிட்டால் புண் வந்துவிடும், எலும்பு டாக்டரிடம் கேட்டுக்கொண்டு இரண்டு மணிக்கு ஒருக்க இடுப்பு அசையாமல் திருப்பு என்றேன். "மதினிய நீங்களா திருப்புனிய?" என்று கேட்டாள். "பின்னே? திருப்பும்போது ஏசுவா, கேட்டுக்கிட்டே திருப்புவேன்."

அவள் ஏசவில்லை. பேச்சுதான் முதலிலேயே போய்விட்டதே. இதையும் கூட்டித்தான் சொன்னேன்.

வண்டி போனதும் ஆப்பில் 'விற்பனை ரத்து' அமுக்கினேன். காரணம் கேட்டது. பொருள் சேதம், விலை ஒத்துவரவில்லை, மனம் மாறிவிட்டது — மூன்றே மூன்று. பெயரே கைமாத்து, பட்டியலில் மட்டும் கைமாத்து இல்லை. 'மனம் மாறிவிட்டது' என்று தொட்டேன். நூற்றைம்பது அபராதம். இவ்வளவு மலிவாக யாருக்கும் மாறியிருக்காது.

ஜூலை 7

ஹாலில் நாலு சக்கரத் தடம். பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்கினேன்.

ஜூலை 19

சீசன். லாட்ஜ் நிறைந்து மொட்டைமாடியிலும் ஆள். மெயினருவியில் குளித்துவிட்டு வந்து, எண்ணெய் தேய்த்தவன் முதுகை உடைத்துவிட்டான் என்று என்னிடம் புகார் சொல்கிறார்கள். நான் சிரிக்க வைத்து அனுப்புகிறேன். எல்லோரும் சொல்கிறார்கள், "ஆவுடையப்பன் அண்ணாச்சி பழைய மாதிரி ஆயிட்டாரு." ஆமாம். பழைய மாதிரியே வாய் அசைகிறது.

மஞ்சு வீடியோவில் "அம்மா படம் எங்கப்பா?" என்றாள். சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்றேன்.

படம் பீரோவில்தான் இருக்கிறது. ஒரு மணி நேரம் என்று சொன்னது. வெளியே எடுத்து மாட்டினால் அவள் சுரண்டையிலிருந்து திரும்பவே மாட்டாள். விளக்கு மட்டும் தினமும் ஏற்றுகிறேன், கை பழக்கம்.

ஆகஸ்ட் 4

மாரிச்செல்வி போன். லிங்கேஸ்வரன் சாப்பிட மாட்டேன் என்கிறானாம். "மதினி எப்படி அண்ணாச்சி சாப்பிட்டாவ?" என்றாள்.

"நான் ஒவ்வொரு வாய்க்கும் ஊர்க்கதை ஒண்ணு சொல்லுவேன். எவன் எவளோட ஓடுனான்னு. கதை பாதியில நிக்கும். மீதிக்கு வாயத் திறக்கணும்."

இது பொய்யில்லை. எழுதும்போதுதான் தெரிகிறது.

"மதினியக் கேட்டதாச் சொல்லுங்க."

"சொல்லுதேன்."

ஆகஸ்ட் 15

ஆப்பிலிருந்து செய்தி. என் 'விற்பனையாளர் இருப்பு' மைனஸில் இருக்கிறதாம். மீரானிடம் காட்டினேன். "ஒண்ணும் விக்காமலே கடன்காரன் ஆயிட்டியளே அண்ணாச்சி. நானாவது சிப்ஸ் வித்துத்தான் கடன்காரன் ஆனேன்" என்றான்.

செப்டம்பர் 9

தண்ணி விழவில்லை. விழுது என்றேன்.

செப்டம்பர் 28

மாரிச்செல்வி. லிங்கேஸ்வரன் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தானாம். குரலில் அவ்வளவு வேகம். "மதினியக் கேட்டதாச் சொல்லுங்க அண்ணாச்சி."

"சொல்லுதேன்."

யாரிடம்?

அக்டோபர் 20

தீபாவளி. மஞ்சுவுக்கு லீவு கிடைக்கவில்லை. லாட்ஜில் மூன்று ரூமில்தான் ஆள். சாப்பிட்டேன்.

நவம்பர் 2

மதியம் வீட்டு வாசலில் குட்டியானை வந்து நின்றது. மேலே கட்டில். கழுவித் துடைத்து, சக்கரத்துக்கு எண்ணெய் எல்லாம் போட்டு. முன்சீட்டிலிருந்து ஊன்றுகோலோடு ஒருவன் இறங்கினான். மூன்று எட்டு வைத்தான். லிங்கேஸ்வரன். மீரான் ஓடிவந்து கடையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துச் சிப்ஸ் கொடுத்தான். காசு வாங்கவில்லை, இதைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும்.

கொழுந்தனும் நானும் கட்டிலை உள்ளே கொண்டுவந்தோம். அந்த நாலு தடத்திலேயே போய் நின்றது. "எதுக்கும்மா திருப்பிக் கொண்டு வந்த?" என்றேன்.

"கைமாத்துன்னு தானே சொன்னிய?" என்றாள் மாரிச்செல்வி. மூக்கில் மூக்குத்தி இருந்தது. கையில் வாழையிலைப் பொதியில் பிச்சிப்பூ. அது குழலுக்கு என்று எனக்குத் தெரியும். சுரண்டையா, பழைய குற்றாலமா என்று வாய் தேட ஆரம்பித்தது.

"படத்த எங்க அண்ணாச்சி வச்சிருக்கிய?"

"எந்தப் படம்?"

"மதினி படம்."

என் கண் பீரோப் பக்கம் போயிற்று.

"அன்னைக்கு வந்தப்ப சுவத்துல வெறும் ஆணிதான் இருந்துச்சு. கீழ வெளக்கு எரிஞ்சுது. வெறும் ஆணிக்கு யாரு வெளக்கேத்துவா?"

படத்தை எடுத்தவன் விளக்கை மறந்திருக்கிறேன். பதினெட்டு வருஷ அனுபவம்!

"தெரிஞ்சுமா கொண்டு போன?"

"எங்க அத்தைகிட்ட சொல்லதுக்கு ஒருத்தர் எந்திச்சிருக்கணும்லா" என்றாள். "நீங்க சொன்னத அப்படியே சொன்னேன். குளிக்கப் போறாவ, வீட்டுல நிக்க மாட்டேங்காவன்னு. இவரும் அதக் கேட்டுக் கேட்டுத்தான் கால ஊனுனாரு. எனக்கும் சமயத்துல நெசம் மாதிரியே இருக்கும். அதான் ஒவ்வொரு தடவையும் கேட்டதாச் சொல்லச் சொன்னேன்."

அலாரம் அடித்தது. ரெண்டு மணி. நான் எழுந்து நிற்கவில்லை. ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன், உட்கார்ந்துவிட்டேன். கட்டிலில்தான்.

"செத்துப்போயிட்டாம்மா" என்றேன். "பிப்ரவரி இருபத்தேழு. பதினோரு மணிக்குத் திருப்பப் போனேன்... ஒரு மணி நேரம் பிந்திட்டேன். மதுரைக்காரன் சாவியத் தொலைச்சிட்டான்னு நின்னு சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்துட்டேன். ஒரு மணி நேரம்."

இதை மஞ்சுவிடம் சொன்னதில்லை. இதிலும் எழுதியதில்லை.

அதற்குப் பிறகு என்ன சத்தம் போட்டேன் என்று தெரியவில்லை. மீரான் சந்தில் ஓடிவந்தான், வாசலில் நின்றான், திரும்பிப் போய்விட்டான். மாரிச்செல்வி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நானே போய் பீரோவைத் திறந்து படத்தை எடுத்துக் கொடுத்தேன். அவளே மாட்டினாள். கோணலாக இருந்தது, சரி பண்ணினாள், பூ வைத்தாள்.

போகும்போது, "மதினிய எனக்குப் பிடிச்சுது அண்ணாச்சி" என்றாள்.

நவம்பர் 3

அலாரத்தை எடுத்துவிட்டேன். மஞ்சுவுக்குப் போன் செய்தேன். அந்த ஒரு மணி நேரத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் இரண்டு பேரும் லைனிலேயே இருந்தோம்.

நவம்பர் 5

ஆப்பின் மைனஸை அடைத்து, கட்டிலை மறுபடியும் போட்டேன். முன்வரிசைக் கட்டணமும் கட்டினேன், தொலையட்டும். விற்கும் காரணம்: "இந்தக் கட்டிலில் இரண்டு பேர் படுத்தார்கள். ஒருவர் எழுந்துவிட்டார். ஒருத்தி செத்துப்போனாள். இரண்டு கைப்பிடியும் நன்றாகச் சுற்றும்."

நவம்பர் 9

கடையநல்லூரிலிருந்து இத்ரீஸ் என்று ஒருவர் பேசினார். தாயாருக்காம். சக்கரம் கேட்டார், துரு கேட்டார். பிறகு, "அந்தச் செத்துப்போனவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை.