செட்டைக்காரன் கரைக்கு வந்த கதை

ஜன. 8, வியாழன்

விடியத் தொடங்கிய மழை. புத்தக அலுமாரிக்கு மேலே மறுபடி ஒழுக்கு. வாளி வைத்தாயிற்று. புத்தகங்களை எல்லாம் தூக்கிக் கட்டிலில் அடுக்கினேன். அப்படியென்றால் நாங்கள் எங்கே படுப்பது என்று இவர் கேட்கிறார். கூரையில் வெடித்த அஸ்பெஸ்டஸ் சீற்றை மாற்றித் தாருங்கள் என்று மாரி தொடங்கமுன்பே சொல்லத் தொடங்கினேன். "நாளைக்கு" என்ற சொல்லை றொபினைப் போல அழகாகச் சொல்ல குருநகரில் ஆளில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்தச் சொல்லைத்தான் கேட்கிறேன்.

இன்று சண்டை பிடிக்க மனமில்லை. பா.5 வந்துவிட்டது!! எங்கள் ஆங்கில மாயக்கதையின் கடைசிப் பாகம். கொழும்பிலிருந்து பார்சலில் வந்ததைச் சிநேகிதி வேணி இணுவிலிலிருந்து ஸ்கூட்டியில் நான் வேலை செய்கிற பாமசிக்கே கொண்டுவந்தாள், மழைக்கோட்டுக்குள் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு. யார் முதலில் வாசிப்பது என்று சீட்டுப் போட்டோம். எனக்கு விழுந்தது. அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

"கெதியா முடிச்சுத் தா. முடிவை மட்டும் சொல்லிப்போடாதை, கொண்டுபோடுவன்."

பிரஷர் மாத்திரை வாங்க வந்த ஐயா ஒருவர் கவுண்டரில் கிடந்த புத்தகத்தின் தடிப்பைப் பார்த்து, "பிள்ளை சோதினைக்குப் படிக்கிறீரோ?" என்றார். ஓம் ஐயா என்றேன். முப்பத்தொரு வயதில் என்ன சோதினையோ.

அத்.6 வரை வாசித்தாயிற்று. போன பாகத்தில் நாயகனுக்குச் சிறகு ஒடிந்ததல்லவா, இனிப் பறக்கமுடியாது, வள்ளத்தில் போகப்போகிறான். ராணி அவனுக்காக வரைபடம் கீறுகிறாள். இவர் அவனுக்கு வைத்த பெயர் செட்டைக்காரன். "மீன் செட்டையோ, கோழிச் செட்டையோ?" என்று முதல் பாகத்தின்போதே கேட்டார். இப்போது வேணியும் நானும்கூட அப்படித்தான் சொல்கிறோம்.

இந்த எழுத்தாளருக்கு ஒருவரையும் உயிரோடு விடுகிற பழக்கம் இல்லை.

ஜன. 10, சனி

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காயப்போட்டேன். பின்னேரம் இவரும் சூசையும் கடல் தொழிலுக்கு. (சூசை இவருடைய சித்தப்பா மகன், வாய் ஓயாது.) வானொலியில் காற்று கூடும் என்று சொன்னதாக மாமி சொன்னா. வானொலி சொல்லி எப்போது நடந்தது என்று இவர். "போட்டுவாறன்" என்று விடைபெற்றார். அத்.17இல் நின்றேன், "ம்" என்றேன்.

ஆறு மணிபோல அத்.21. புயல். செட்டைக்காரனின் வள்ளம் கவிழ்கிறது. ராணி கரையில். அந்த இடத்தில் யன்னல் படாரென்று அடித்தது, வாய்விட்டுக் கத்திவிட்டேன். எழும்பிப் போய்ப் பார்த்தால் உண்மையாகவே காற்று.

ஜன. 11, ஞாயிறு

காலைப் பூசைக்கு முன்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை.

தொ.பே. இரண்டு பேரினதும் வேலை செய்யவில்லை. மற்ற மீன்பிடிப் போட்டுகள் ஒவ்வொன்றாய் வந்துவிட்டன. கடைசியாகக் கண்டது நெடுந்தீவுப் பக்கம் என்கிறார்கள். மீனவர் சங்கத்தார் நேவிக்கு அறிவித்திருக்கிறார்கள். கரையில் குடை நிற்கவில்லை, மடங்கிப்போனது. தேத்தண்ணி யார் தந்தது என்று ஞாபகமில்லை.

பின்னால் இரண்டு பேர் கதைத்தது:

"எஞ்சின் நிண்டிருக்கும்."

"எஞ்சின் நிண்டால் பரவாயில்லை."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமி அழவில்லை. என்னைப் பார்த்து, "பேய்க்கதையளை வாசிச்சு வாசிச்சு வீட்டுக்குள்ளை கொண்டந்திட்டாய்" என்றா. மற்ற நாளென்றால் பதில் சொல்லியிருப்பேன். இன்று காலையிலிருந்து நானும் அதைத்தான் நினைக்கிறேன். வள்ளம் கவிழ்கிற பக்கத்தை நான் திருப்பின நேரத்தில்தான் காற்று வந்தது. விசர் நினைப்பு என்று தெரியும். தெரிந்தும் போகவில்லை.

புத்தகம் கதிரையில் குப்புறக் கிடக்கிறது. மூடவும் பயம், விடவும் பயம்.

ஜன. 12, திங்கள்

தேடப் போன போட்டுகள் வெறுங்கையோடு வந்தன. கடல் மஞ்சளாய்க் கிடக்கிறது.

பயப்படுகிறவை: தொ.பே. அடிப்பது. அடிக்காமல் இருப்பது. சங்கத்துத் தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வருவது. சூசையின் மனைவியின் முகம். மாமி இவர் உடுக்கிற சாரத்தை மடித்து மடித்து வைப்பது.

அந்தோனியார் கோயிலுக்குப் போனேன். முதலில் மெழுகுதிரி நேர்ந்தேன். பிறகு ஏழைகளுக்குச் சாப்பாடு. பிறகு சங்கிலி. அவர் அசையாமல் பார்த்துக்கொண்டே நின்றார். இதெல்லாம் எல்லோரும் நேர்வதுதானே. எது நொந்தால் அந்தோனியார் என்னை நம்புவார் என்று யோசித்தேன். யோசிக்கத் தேவையிருக்கவில்லை, சொல்லத்தான் கஷ்டமாயிருந்தது.

அந்தோனியாரே, றொபின் உயிரோடு வந்தால் இந்தக் கதைப்புத்தகங்களை இனி வாசிக்கமாட்டேன். கையில் இருப்பதையும். மிச்சம் பாதி இருக்கிறது, தெரியும்தானே உமக்கு.

சத்தமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் செபமாலை சொன்ன பெண் திரும்பிப் பார்த்தா.

ஜன. 13, செவ்வாய்

வந்திட்டார் வந்திட்டார் வந்திட்டார்

ஜன. 14, புதன்

நேற்று எழுத முடியவில்லை. மன்னார்ப் பக்கத்துப் போட்டு ஒன்று கண்டு இழுத்து வந்தது. இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில். சேலைன். உதடு வெடித்து, முகம் கறுத்து. வலக்கை மணிக்கட்டைச் சுற்றித் தோல் உரிந்து கட்டுப்போட்டிருக்கிறது. என்ன இது என்றால் "கயிறு இழுத்தது".

எல்லோரும் கேட்கிறார்கள், என்ன நடந்தது என்று. எல்லோருக்கும் ஒரே பதில்: "ஒண்டுமில்லை, எஞ்சின் பழுது." வாய் ஓயாத சூசை சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். ஊர் முழுக்க ஒரு கதைக்குக் காத்திருக்கிறது, இவர்கள் இரண்டு பேரும் பாண் நனைத்துத் தின்கிறார்கள்.

ஜன. 16, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று. இரண்டு கிழமை ஓய்வு என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். வாசலில் செருப்பைக் கழற்றினார், தண்ணீர் கேட்டார், குடித்தார், பக்கத்து வீட்டில் ஏணி வாங்கிவரச் சொன்னார்.

"எதுக்கப்பா?"

"சீற் மாத்த."

"விசரே உங்களுக்கு? டொக்டர் என்ன சொன்னவர்?"

ஏறிவிட்டார். கட்டுப்போட்ட கையோடு. மாமி கீழே நின்று பேச்சு, நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு பேச்சு. காது கேளாதவர் போல வெடித்ததைக் கழற்றி, மாரிக்கு முன்பே வாங்கிக் கிடந்த புதிதைப் போட்டு, வாளியால் தண்ணீர் ஊற்றிச் சோதித்தும் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. இறங்கி வந்து படுத்து மத்தியானம் வரை நித்திரை.

இப்போதுதான் நேர்த்தி பற்றி அவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கதிரையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"அப்ப செட்டைக்காரன் என்ன ஆனான்?"

"தெரியாது. கடல்லை கிடக்கிறான்."

ஜன. 18, ஞாயிறு

அதிசயம். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடத்துக்கு யன்னலால் பாய்ந்த மனிதர் பா.5ஐ வாசிக்கிறார்! தொ.பே. கமராவைப் பக்கத்துக்கு மேல் பிடித்தால் அது தமிழில் ஏதோ சொல்கிறது, அதில் பாதியை இவர் எனக்குச் சொல்கிறார். நான் விட்ட இடத்திலிருந்து. "நீதானே வாசிக்கமாட்டன் எண்டு நேந்தனி? நான் நேரேல்லையே."

காதைப் பொத்தினேன். பயம். கேட்பதும் வாசிப்பதுதானோ? பூசை முடிந்து பாதரிடம் கேட்டேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை, விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டார். "பிள்ளை, அந்தோனியாருக்கு அவ்வளவுக்குக் கணக்குப் பார்க்க நேரமில்லை. கேளும்."

ஆகவே கேட்கிறேன். ராணி கப்பற்படை சேர்க்கிறாள். சூனியக்காரி ஒருத்தி வழிகாட்ட வருகிறாள். கட்டிப்பிடிக்கிற இடம் வந்தால் இவருக்குக் காது சிவக்கிறது: "இதிலை ரெண்டு பக்கம் தாண்டுறன்." அதுதானே முக்கியமான இடம் என்றேன். மாமி குசினியிலிருந்து, "என்ன முக்கியம்?" இவர் அவசரமாய்ப் பக்கத்தைப் புரட்டினார்.

நித்திரையில் மட்டும் கையை இழுத்து இழுத்துப் பார்க்கிறார், ஏதோ கட்டியிருப்பதைப் போல. எழுப்பினால் ஒன்றுமில்லை என்கிறார்.

ஜன. 22, வியாழன்

வேணி வட்ஸ்அப்பில் கெஞ்சல். "உன்ரை மனுசன் ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் எடுத்தால் நான் கிழவியாய்ப் போவன்." நாயகன் சாவதாக இணையத்தில் கதை அடிபடுகிறதாம். உடனே தொ.பே.யை அணைத்துவிட்டேன்.

இவர் வாசிப்பது குறைந்துவிட்டது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்க்கிறார். வேணி அவசரப்படுகிறாள் என்று சொன்னேன்.

ஜன. 24, சனி

பின்னேரம் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தேன். வந்து குசினி வாங்குப் பலகையில் இருந்தார். "மிச்சத்தை முடிச்சிட்டன். கடைசி அத்தியாயம் சொல்லட்டே?"

புத்தகம் மடியில். கண் அதில் இல்லை, அடுப்பில். மனப்பாடமாக்கிவிட்டார் போல என்று நினைத்தேன்.

செட்டைக்காரன் கடலில் கிடந்த கதை. கூட ஒரு சிநேகிதன், வாந்தி எடுத்தபடி. பிளாஸ்டிக் கான் ஒன்றை வெட்டி, வள்ளத்துக்குள் வந்த தண்ணீரை இறைத்தார்களாம். வள்ளத்தை மூடுகிற தறப்பாளில் விழுந்த மழையை நக்கினார்களாம். முதல் இரவு செபம், அடுத்த இரவு கடவுளுக்குத் தூஷணம். பெரிய கப்பல் ஒன்று லைற்றெல்லாம் போட்டுக்கொண்டு பக்கத்தால் போனதாம், கத்தியும் ஒருவரும் பார்க்கவில்லையாம். சட்டிக்குள் இலையும் காம்பும் ஒன்றாய்ப் போயின. நாலு பாகமும் வாசித்த என்னை இந்த எழுத்தாளர் இப்படிப் பயப்படுத்தியதில்லை.

"அலை இழுத்துக்கொண்டு போகாமல் கையைப் பலகையோடை கட்டியிருந்தவன். பேந்து அதை அவிட்டவன்."

"ஏன்?"

"களைச்சுப்போனான். போதுமெண்டு நினைச்சான்."

"ஐயோ. பேந்து?"

சிந்தின காம்பொன்றை எடுத்து விரலில் சுற்றினார். "பேந்து ஒரு நினைப்பு வந்தது. ராணியின்ரை புத்தக அலுமாரிக்கு மேலை கூரை ஒழுகுது. மாரி முடியேல்லை. அவள் ஒவ்வொரு நாளும் சொன்னவள். தான் போயிட்டால் உந்தக் கூரையை ஆர் மாத்துவினம் எண்டு நினைச்சுப்போட்டு, திரும்பக் கட்டினவன்."

சிரித்துவிட்டேன். "அரண்மனைக் கூரை ஒழுகுமே? ராணிக்குப் புத்தக அலுமாரி எங்காலை வந்தது?"

"எல்லாக் கூரையும் ஒழுகும்."

"அவன் வந்தானோ? அதைச் சொல்லுங்கோ."

"வந்திட்டான்."

எழும்பிப் போய் முகம் கழுவினார். அப்பாடா, செட்டைக்காரன் சாகவில்லை. வேணிக்குச் செய்தி: புத்தகம் றெடி, திங்கள் வா.

ஜன. 26, திங்கள்

காலையில் மூட்டம். டொக்டர் சொன்ன இரண்டு கிழமை இன்னும் முடியவில்லை, இவரும் சூசையும் விடியவே தொழிலுக்குப் போய்விட்டார்கள். கிட்டத்தான் போவதாம், பின்னேரம் வந்துவிடுவார்களாம். வாசல் வரை போனேன். "போட்டுவாறன்" என்றபோது முகத்தைப் பார்த்து, "வாங்கோ" என்றேன்.

பாமசிக்கு லீவு போட்டேன். வேணிக்குக் கொடுக்கப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினேன். உள்ளே அடையாளமாக ஆஸ்பத்திரிக் கிளினிக் துண்டுச்சீட்டு. அத்.30இல். நான் விட்ட இடத்திலிருந்து அதுவரை ஒவ்வொரு பக்க ஓரத்திலும் இவருடைய எண்ணெய் விரல் அடையாளம். அதற்குப் பிறகு பத்து அத்தியாயம், கடையிலிருந்து வந்தபடி. ஒரு பக்கத்தில்கூட விரல் படவில்லை.

நிலத்தில் இருந்துவிட்டேன்.

அவர் சொன்னது புத்தகத்தில் இல்லை. அந்தக் கான், அந்தத் தறப்பாள், லைற் போட்ட கப்பல். ஊர் முழுக்கக் கேட்டும் சொல்லாததைக் குசினி வாங்கில் இருந்து எனக்குச் சொல்லியிருக்கிறார். நான் இலை ஆய்ந்துகொண்டு கேட்டேன். சிரித்தேன். அரண்மனைக் கூரை ஒழுகுமோ என்று கேட்டேன்.

அவிழ்த்தார். கையை அவிழ்த்தார். அதை எழுதவே கை வரவில்லை. இன்று மறுபடி அதே கடலில் நிற்கிறார், எனக்கு அந்த ஞாயிறும் திங்களும் இருந்ததைவிட இப்போது பயம் கூட, ஏனென்றால் இப்போது தெரியும்.

அந்தத் துண்டுச்சீட்டை எடுத்து என் செபப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

பதினொரு மணிக்கு வேணி. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"றொபின் அண்ணை முடிச்சிட்டாரோ? அவன் சாகிறானோ இல்லையோ, அதை மட்டும் சொல்லு."

"முடிவைச் சொன்னால் கொண்டுபோடுவன் எண்டனி?"

"சரி, சொல்லாதை. நான் வாசிச்சிட்டு வந்து கதைப்பம்."

"வேண்டாம் வேணி. நீ வாசிச்சாலும் எனக்கு ஒண்டும் சொல்லாதை. எனக்கு முடிவு தெரியும்."

என் முகத்தில் எதைக் கண்டாளோ, மேலே கேட்காமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று மணி. மழை பிடித்துவிட்டது, காற்றோடு. வேணியிடமிருந்து வட்ஸ்அப் வந்து கிடக்கிறது, நான் திறக்கவில்லை. கடைசி அத்தியாயத்துக்குப் பாய்ந்திருப்பாள், அவளைத் தெரியாதா. அலுமாரிக்குப் பக்கத்தில் போய் நின்று மேலே பார்த்தேன். வாளியைக் கவிழ்த்து வைத்தேன், அங்கே ஒரு சொட்டும் இல்லை.

போட்டுச் சத்தம் மாதிரி ஏதோ. இவருடையதோ தெரியவில்லை. மடங்கின குடைதான் இருக்கிறது, எடுத்துக்கொண்டு கரைக்குப் போகிறேன்.