புது லானுக்குத் தண்ணீர்

தங்கை வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்திலும் வனஜா புருஷனுக்குச் சீட்டை நிதானமாகவே எழுதினாள்.

"என்னங்க, சாம்பார் ஃபிரிட்ஜ்ல இருக்கு, நேத்து வெச்சதுதான். சாவி பக்கத்து வீட்டு கௌரம்மாகிட்ட. உங்க புது லானுக்குத் தெனமும் தண்ணி விடுங்க, ஈரம் காயக்கூடாது."

லால்பாக் நர்சரியிலிருந்து வாங்கிவந்து அவள் தரையெங்கும் படரவிட்டிருந்த மஞ்சள் பூக்கொடியை, ஒரு வார்த்தை கேட்காமல் பிடுங்கி, பொடிசாக நறுக்கி, எருவோடு கலந்து, அதன்மேல்தான் அவன் புல் பதித்திருந்தான். ஒரு துண்டு மண்ணில் பட்டாலும் அந்தக் கொடி வேர்விட்டுவிடும். வனஜாவுக்கு அது தெரியும். அவன் நறுக்கியதை ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சீட்டை வாசல் கதவில் ஒட்டிய பிறகு, அடியில் நுணுக்கி எழுதினாள்:

"புல்லு நடுவுல மஞ்சளா ஏதாச்சும் பூத்தா, மறுபடியும் பொடிசா நறுக்கி அங்கயே போடுங்க. நல்ல உரம்னு நீங்கதானே சொன்னீங்க."