கைப்பையில் இருந்த சாலை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நலமாய் இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், எவ்வளவு கோபத்திலும் அந்த நினைப்பு மட்டும் போகமாட்டேன் என்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறார். சமையலறைக் குழாய் திரும்பவும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்துகிறார். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. போனில் புகார் கேட்கும் வேலைதான், கத்துகிறவர்களைக்கூடச் சிரிக்க வைத்துவிடுகிறானாம். பிறவியிலேயே கண் தெரியாத பிள்ளை சம்பாதிக்கிறான், ஆனால் போக வர இன்னும் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான். தனியாகப் போய்வர வேண்டும் என்ற அவன் ஆசை உனக்குத் தெரியாததல்ல.

விடுமுறைக்கு வந்தபோது பின்னறை ஜன்னலில் கறுப்புப் போர்வையைக் கட்டி, ஊதா விளக்கைப் போட்டு, தம்பி விரலால் தடவியே வழி தெரிந்துகொள்ள நம் தெருவின் வரைபடத்தை நீ செய்யத் தொடங்கியதை நான் மறக்கவில்லை. பிளாஸ்டிக் கூழைக் கண்ணாடியில் மெல்லிசாகத் தடவி, ஓட்டை வெட்டிய அட்டையை மேலே பிடித்து வெளிச்சம் காட்டினாய். வெளிச்சம் பட்ட இடம் மேலே இறுகும், அடியில் இளகியே இருக்கும், அதனால் பாலாடை மாதிரி சுருங்கும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தால் சுருக்கமும் பெரிதாகும் சிறிதாகும் என்று எனக்கும் புரிகிற மாதிரி சொன்னாய். எது எதற்கு என்று தேர்ந்தெடுத்தது தம்பியின் விரல்தானே. நடைபாதைக்கு நைஸான சுருக்கம், வாசல்களுக்கு வழவழப்பு. சாலையைக் கடக்கும் இடத்துக்கு மட்டும் எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்கினான். கடைசியில் ஒன்றைத் தொட்டதும் கையை வெடுக்கென்று இழுத்து, இதுதான்க்கா, தொட்டாலே நில்லுன்னு சொல்லுது என்றான். வரைபடத்தை முடித்து அனுப்புகிறேன் என்று எடுத்துப் போனவள், பிறகு, சரிவரலடா, நாளாக ஆகச் சுருக்கம் அழிஞ்சு போகுது என்றாய். பாவம் அக்கா, எவ்வளவு பாடுபட்டா என்று உனக்காக வருத்தப்பட்டான். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத பிள்ளை.

போன வாரம் எனக்குக் கைப்பை வாங்கித் தருகிறேன் என்று கடைக்கு அழைத்துப் போனான். ஒவ்வொன்றாய்த் தடவிக்கொண்டே வந்தவன் ஒரு பையைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டான். மறுபடி தொட்டான். அம்மா, இது நாம ரோடு கடக்கிற இடம் என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைக்காரப் பெண்தான் பெருமையாக, இது தோல் இல்லைம்மா, வெளிச்சத்தாலேயே சுருக்கம் போட்ட புது தினுசு, எத்தனை வருஷம் தேய்ச்சாலும் அழியாது என்றாள். உள்ளே கம்பெனி பெயரைப் பார்த்தேன். நீ வேலை பார்க்கும் கம்பெனி. அப்போதும் அவன், அக்காவுக்குத் தெரிஞ்சிருக்காதும்மா, வேற யாராவது செஞ்சிருப்பாங்க என்றான். அன்று சாயங்காலம் உன் போன் வந்தபோது பையை மடியில் வைத்துக்கொண்டுதான் பேசினான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. இப்பவாவது சுருக்கம் நிக்குதாக்கா என்று அவன் கேட்க, இல்லடா, அது தோத்துப் போச்சு, விட்டுடு என்றாய். அவன் விரல் அந்தச் சுருக்கத்தின் மேலேயே இருந்தது. சரிக்கா என்று வைத்துவிட்டான். அதற்கப்புறம் உன் பேச்சையே எடுப்பதில்லை.

நீ அதைக் கம்பெனிக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. படித்த படிப்பை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். கேட்டாங்க, கொடுத்துட்டேன், இனிமே தம்பிக்குச் செய்ய எனக்கு உரிமை இல்லை என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்போம், அவ்வளவுதான். கண் தெரியாதவனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தாய் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை. பஸ் நம்பரை மாற்றிச் சொல்லி அவனை அலைய விட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் அன்னியர்கள். நம்ப வைத்துக் கழுத்தறுக்க நம் வீட்டிலேயே ஒருத்தி இருப்பாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எழுதாதே, அவளே சொல்லுவா என்கிறார் அப்பா. எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, பெற்ற வாயில் வேறு எதுவும் வராது. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில்தான் இருப்பான், கூப்பிட்டு நடந்ததை நடந்தபடி உன் வாயாலேயே சொல். சாக்குப்போக்குத் தேடிக் கடிதம் எழுதாதே. அவனுக்கு வருகிற கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுகிறேன், உன் பொய் என் குரலில் அவன் காதில் விழக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் இருவரையும் பெற்ற அம்மா