ஆவியில் வந்த காபி

1954 ஐப்பசி, வெள்ளி இரவு.

துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் என் கணவருக்கு, இத்தாலிக் கப்பலின் சமையல்காரர் ஒரு காபிக் கெண்டி கொடுத்திருக்கிறார். கீழே தண்ணீர், நடுவே காபித்தூள். அடுப்பில் வைத்தால் ஆவி தள்ளி, கறுத்த டிக்காஷன் மேலே பொங்குகிறது. பாலை நுரைக்க ஆற்றி ஊற்றினேன். ஒரு வாய் குடித்ததும் ராயபுரமே மெல்ல மிதப்பதுபோல் இருந்தது.

"அந்தக் கப்பல்ல வேலை கீதாம், மே. என்னியும் வரச் சொல்றாங்கோ," என்றார்.

"நீ இன்னா சொன்னே?"

"வூட்ல கேட்டுச் சொல்றேன்னு வந்துட்டேன்."

போகாதே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "போய்ட்டு வா மாமா" என்று வந்துவிட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று!

இப்போது தூங்குகிறார். இடது கையால் அவர் விரலைப் பிடித்துக்கொண்டே எழுதுகிறேன்.