எண் ஒன்று, என் அம்மா

அக்கா,

இன்று காலை அம்மாவுக்குக் கட்டு மாற்றும்போது புடவை சற்று மேலேறி, தொடையில் அந்தத் தழும்பு தெரிந்தது. மிளகளவுதான். நீங்கள் ஊசியால் சதை எடுத்த இடம். அதே காலின் பாதத்தில் இப்போது இரண்டு விரல்கள் இல்லை. "என்னாடி அப்படியே பாத்துக்கிட்டு இருக்க? சட்டுனு கட்டு" என்றார் அம்மா.

நீங்கள் இறந்துபோய் மூன்று மாதமாகிறது. இரங்கல் எழுதும் மனநிலை எனக்கில்லை. வயிறு எரிகிறது, அதைத்தான் எழுதுகிறேன்.

குன்னூருக்கு மேலே, நான் நர்ஸாக இருக்கும் எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு நீங்கள் ஆராய்ச்சிக்காக முதன்முதலில் வந்தது நினைவிருக்கிறது. கோயம்புத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய களைப்பு, தோளில் சதை மாதிரிகளை வைக்கும் ஐஸ் பெட்டி. "ஏனுங்க சிஸ்டர், நாள் முச்சூடும் மேடு ஏறி எறங்கற காலு சர்க்கரையை எப்படிச் செலவு பண்ணுதுன்னு பாக்கோணும். நீங்க கூட நின்னாத்தான் நடக்குமுங்க" என்றீர்கள். தசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உங்கள் டீ ஆறிப்போகும். உழைக்கிற தசை இன்சுலினுக்காகக் காத்திருக்காது, ரத்தத்திலிருந்து தானே சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் என்று நீங்கள் சொன்னபோது நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

கொழுந்து பறிக்கும் பெண்களோ ஊசியைப் பார்த்ததும் ஓடினார்கள். அதனால் அவர்களோடு கொழுந்து பறித்த என் அம்மாவையே முதலில் படுக்க வைத்தேன். "சிலோன் தோட்டத்துல அட்டை குடிக்காத ரத்தமா? எடுங்க நீங்க" என்று அவர் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். குறிப்பேட்டில் பெயர் வரக் கூடாது, எண் மட்டும்தான் என்பது உங்கள் முறை. அம்மா எண் ஒன்று.

"ஏதாவது கோளாறு தெரிஞ்சா சொல்லிருவீங்கதானே அக்கா?" என்று அன்றே கேட்டேன்.

"அதென்னங்க அப்படிக் கேட்டுப்போட்டீங்க? மொதல்ல உங்ககிட்டத்தானுங்க சொல்லுவேன்."

அந்த வார்த்தையை வீடு வீடாகக் கொண்டுபோனவள் நான். மறு வருடம் சர்க்கரை பார்க்கும் முகாம் வந்தபோது, சதை கொடுத்தவர்கள் ஒருவர்கூடப் போகவில்லை. "சதையவே எடுத்துப் பாத்துட்டாங்க. ரத்தத்துல புதுசா என்னா இருந்துறப் போவுது?" என்றார் அம்மா. நர்ஸ் வேலை பார்க்கும் நானும் தலையாட்டினேன். கோளாறு இருந்தால் அக்கா சொல்லாமலா இருப்பார்!

ஒவ்வொரு முறையும் மலையேறும் வழியில் பர்லியாரில் இறங்கிப் பழம் வாங்கி வருவீர்கள். முதல் வருடம் எல்லோருக்கும் பலாச்சுளை. பிறகு அம்மாவுக்கு மட்டும் கொய்யாக்காய். "எனக்கு மட்டும் என்னாங்க இது?" என்று அம்மா கேட்டதற்கு, "உங்க பல்லு கெட்டிங்க, அதுக்குத்தான்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம்.

அம்மா வேலையிலிருந்து நின்றார். மேடு ஏறுவதும் நின்றது. ஆறு மாதத்தில் காலில் புண், ஊட்டி ஆஸ்பத்திரி, விரல்கள். போனில் நான் அழுதபோது நீங்கள் வெகுநேரம் பேசவில்லை. எங்களுக்காக வருந்துகிறீர்கள் என்று நினைத்தேன்.

போன வாரம் உங்கள் கணவர் குறிப்பேடுகளை அனுப்பியிருந்தார். முதல் வருடத்துப் பக்கம், உங்கள் கையெழுத்து: "எண் ஒன்றுக்குச் சர்க்கரை அதிகம். மேடு ஏறும்வரை கால் சமாளிக்கும். மாத்திரை தொடங்கினால் அளவுகள் குழம்பும். கடைசி மாதிரிக்குப் பிறகு சொல்லலாம்." கடைசி மாதிரி எடுத்துவிட்டுக் கீழே போன நீங்கள் சொல்லவே இல்லை. படுபாவி என்று வாய்விட்டே திட்டினேன். அம்மா கையில் பலாச்சுளை கொடுக்கக் கூடாது என்று மட்டும் தெரிந்திருக்கிறது. வாயைத் திறக்கத்தான் மனம் வரவில்லை, இல்லையா?

எண் ஒன்றைப் போலவே அடிக்கோடிட்ட எண்கள் இன்னும் மூன்று இருந்தன. மூன்று வீட்டுக்கும் நடந்துபோய்ச் சொன்னேன். டிஸ்பென்சரிக்கு வருகிறவர்களிடம் இன்றும் நீங்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன்: உட்காராதீர்கள், நடங்கள், கால் சர்க்கரையைத் தின்னும். அது பொய்யில்லை என்பதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

இன்று கட்டுப் போட்டு முடித்ததும் அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்களைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ என் முகத்தையே பார்த்தார்.

"நீ கூடவேதானே நின்ன. ஒனக்குமா தெரியாது?"

"தெரியாதும்மா" என்றேன்.

அம்மா காலை மெல்ல இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.