இடக்கைக்கு மட்டும் ஒரு உறை

மச்சான்,

இன்று காலை ஒரு நண்டு உன் கையுறையைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. நீ கோல்ஃப் ஆடும்போது இடக்கையில் மாட்டுவாயே, அந்தத் தோலுறைதான். நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் வீட்டுக்காரி கொடுத்தாள். வலையிலிருந்து நண்டு எடுக்க இதைவிட நல்ல சாமான் பழவேற்காட்டில் இல்லை. பார்த்தால் திட்டுவாய்.

சென்னைக்குப் போய் கோல்ஃப் கிளப்பில் ஆட்டக்காரர்களின் பை தூக்கியவர்கள் நாம் இரண்டு பேரும். நான் கடைசிவரை பைதான் தூக்கினேன். நீயோ அதிலிருந்த மட்டையை எடுத்து, பார்த்துப் பார்த்தே ஆடக் கற்றுக்கொண்டாய். புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டு, "வாடக்காத்துடா" என்பாய். பந்து குழியில் நட்ட கொடியருகே போய் உட்காரும். எனக்குப் புல்லரிக்கும்.

அந்தத் தகுதிப் போட்டியில் தேறியிருந்தால் வருடம் முழுக்கப் பெரிய ஆட்டங்களில் ஆடியிருப்பாய். கடைசிக் குழி. உயரமான புல்லுக்குள் கிடந்த பந்து, நீ மட்டையை வைத்ததும் லேசாக அசைந்தது. ஆட்டவிதிப்படி அது தப்பு. நடுவர் எங்கோ தூரத்தில் நின்றார். நீயே கையைத் தூக்கி அவரைக் கூப்பிட்டுவிட்டாய்.

"இன்னாடா பண்ற? யாரும் பாக்கல, அடி!" என்று பல்லைக் கடித்தேன்.

"ஏரியில மட்டும் யார்ரா பாக்குறாங்கோ?" என்றாய்.

நம் ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறோம். இன்று ஒருவன் முறை என்றால் மற்றவன் அங்கே வலை இறக்கமாட்டான். காவலுக்கு ஆளில்லை. அந்த வழக்கத்தைத்தான் நீ புல்வெளிக்குக் கொண்டுபோனாய். ஓர் அடி அபராதம் போட்டார்கள். அந்த ஓர் அடியில் தகுதி போயிற்று. திரும்பும் பஸ்ஸில் ஊர் வரும்வரை நான் உன்னோடு பேசவில்லை. நீ ஜன்னலில் சாய்ந்து தூங்கினாய், பாவி.

பிறகு அதே கிளப்பில் பயிற்சியாளரானாய். யாருடைய பைகளைத் தூக்கினோமோ அவர்களே உன்னை 'சார்' என்றார்கள். உன் வீட்டில் பெரிய கோப்பை எதுவும் இல்லை. எனக்கு அதில் இன்னும் ஆற்றாமைதான். ஆனாலும் உன்னைப்போல் ஓர் ஆட்டக்காரனை நான் பார்த்ததில்லை.

போன வாரம் பனிமூட்டத்தில் தடம் தெரியாமல் அடுத்தவர் முறைக்குரிய இடத்தில் வலை இறக்கிவிட்டோம். தூக்கினால் வலை நிறைய இறால், எல்லாம் உயிரோடு.

"யாரு பாத்தாங்கோ மாமா? இழு!" என்றான் என் மனைவியின் தம்பி.

உன் உறை மாட்டிய கையாலேயே வலையை அவிழ்த்துவிட்டேன். அத்தனையும் துள்ளித் தண்ணீருக்குள் போயின. கரை சேரும்வரை அவன் என்னோடு பேசவில்லை. நான் படகில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.